அறுத்த கல்: சமணக் குன்றுகளில் உளி விட்டுச் சென்ற வரலாறு

கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையத்தை அடுத்த புகழூரில் ஆறுநாட்டார் மலை என்னும் குன்று உள்ளது. அதன் குகைத்தளத்தில் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று, யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் முதிய சமணத் துறவிக்கு உறைவிடம் அமைத்துக் கொடுக்கப்பட்ட செய்தியைத் தெரிவிக்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ எனச் சேரர் குடியின் மூன்று தலைமுறைகளை அது வரிசையாகக் கூறுகிறது. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்ற காலத்தில் அக்கொடை நிகழ்ந்தது. சங்க கால மன்னர் வரலாற்றை ஆராய்வோர் அனைவரும் இக்கல்வெட்டை எடுத்துக்காட்டுவர். ஆனால் அது முடியும் இடத்திலுள்ள இரண்டு சொற்களைப் பலரும் விரைந்து கடந்து விடுகின்றனர். அவை "அறுத்த கல்" என்பன.

மன்னன் பெயரும் துறவியின் பெயரும் சொல்லப்பட்ட பின்னர், செய்யப்பட்ட வேலை இன்னது என்று அக்கல்வெட்டு கூறும் சொற்கள் அவையே. கற்படுக்கை என்பது முதற்கண் உளி கொண்டு அறுக்கப்பட்ட ஒரு கல். கல்வெட்டைப் படிக்கும் கண்ணோடு அந்த உளித்தடத்தையும் படிக்கக் கற்றால், தமிழகத்தின் சமணக் குன்றுகள் இதுவரை சொல்லாத சில செய்திகளையும் சொல்லும்.

கொண்டு செல்லப்படாத கல்

கல்வெட்டும் குழி என்றவுடன், பாறையைப் பிளந்து எடுத்து வண்டியில் ஏற்றிச் செல்லும் இடமே நினைவுக்கு வரும். அம்மி, ஆட்டுக்கல், தீட்டுக்கல், கோயில் தூண் என எதுவாயினும், எடுத்த பொருள் வேறிடம் போய்விடும். எஞ்சுவது குழியும் சில்லுகளும் மட்டுமே. சமணக் குகைத்தளங்கள் இதற்கு மாறானவை. அங்கும் பாறை வெட்டப்பட்டது, சில்லுகள் அகற்றப்பட்டன. ஆனால் செய்பொருளாகிய படுக்கை தாய்ப்பாறையை விட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை. வெட்டிய இடமும் வெட்டிய பொருளும் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் அங்கே தொழிலின் தடயம் இவ்வளவு தெளிவாகக் காணக்கிடைக்கிறது.

இக்குகைகள் பெரும்பாலும் இயற்கையாக அமைந்தவை. ஒரு பெரும்பாறை மற்றொன்றின் மீது சாய்ந்தும், பாறையின் அடிப்பகுதி தேய்ந்து மேற்பகுதி முன்னே நீண்டும் உண்டான நிழலிடங்கள் அவை. அவற்றைத் துறவியர் வாழும் பள்ளியாக மாற்றச் சில பணிகளே தேவைப்பட்டன.

முதலாவது, நெற்றிப்பாறையில் வெட்டப்பட்ட காடி. மேலே பெய்யும் மழைநீர் பாறையின் வளைவைப் பற்றிக்கொண்டு உள்ளே வழிந்து வரும் இயல்புடையது. குகைவாயிலின் மேல் நெடுகக் காடி வெட்டிவிட்டால், நீர் அவ்விளிம்போடு அறுபட்டு வெளியே சொட்டிவிடும். துறவியர் ஓரிடத்தில் தங்கி வாழும் மழைக்காலத்தில் குகையை உலர்வாக வைத்திருந்தது இந்த எளிய ஏற்பாடே. கல்வெட்டுகள் பல இக்காடியின் மேலோ கீழோ பொறிக்கப்பட்டுள்ளன. காடி இல்லாதிருந்தால் அவ்வெழுத்துகளும் நீரோட்டத்தில் தேய்ந்து மறைந்திருக்கும்.

இரண்டாவது, தரையைச் சமன் செய்து அதில் படுக்கைகளை வடித்தல். ஒருவர் படுக்கும் அகலமும் நீளமும் அளந்து, படுக்கைக்கும் படுக்கைக்கும் இடையே எல்லை விட்டு, தலைமாட்டில் மட்டும் பாறையைச் சற்று உயர்த்தி விட்டிருக்கின்றனர். அந்த உயர்ந்த பகுதி பின்னர் வைத்த தலையணைக் கல் அன்று. சுற்றிலும் உள்ள பாறையை வெட்டி எடுத்து, அவ்விடத்தை மட்டும் விட்டுவைத்ததால் உண்டானது. பிறகு உளியின் கொத்துப் புள்ளிகள் உடலில் உறுத்தாத அளவுக்குத் தேய்த்து வழவழப்பாக்கியுள்ளனர். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என வழங்கும் குகைத்தளத்திலுள்ள 17 படுக்கைகளைக் கையால் தடவிப் பார்ப்போர் அத்தேய்ப்பின் அருமையை உணர்வர்.

இவற்றோடு சில இடங்களில் முன்கூரைக்குக் கால் நட்ட குழிகளும், மருந்து அரைத்தவை என மக்கள் கூறும் சிறு குழிகளும் காணப்படுகின்றன. வட தமிழகத்தில் வேறு சில குன்றுகளில் படகு போன்ற நீண்ட பள்ளங்களும் உண்டு. அவை சமணத்திற்கும் முற்பட்ட புதிய கற்கால மக்கள் தங்கள் கற்கோடரிகளைப் பாறையில் தேய்த்துக் கூராக்கியபோது விழுந்தவை. கருவியைத் தீட்டிய பள்ளமும், கருவியால் வெட்டிய படுக்கையும் வேறு வேறு காலத்தவை என்பதைக் காண்போர் மனங்கொள்ள வேண்டும்.

உளியின் பின்னே உலை

தென்னாட்டுக் கருங்கல் மிகக் கடினமானது. அதன்மீது ஓங்கும் ஒவ்வோர் அடியும் கல்லைச் சிறிது தெறிக்கச் செய்வதோடு உளியின் முனையையும் சிறிது மழுக்குகிறது. கையுளியால் கருங்கல் கொத்தும் தச்சர் தம் உளிகளை ஒரே நாளில் பலமுறை மாற்ற நேரும். மழுங்கிய உளியை உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து முனையாக்கி, நீரில் தோய்த்து உறுதியேற்றி, கல்லில் தீட்டித் தர ஒருவர் அருகிலேயே இருந்தாக வேண்டும். ஆகவே ஒரு படுக்கை வடிக்கப்பட்ட இடத்தில் கல்தச்சர் மட்டும் உழைத்தார் என்று கொள்வது பொருந்தாது. கொல்லர், கரி சுட்டவர், துருத்தி ஊதியவர், தண்ணீர் சுமந்தவர் எனப் பலருடைய உழைப்பு அங்கே கூடியிருக்கிறது.

அக்காலத் தமிழகம் இரும்புத் தொழிலில் தேர்ந்திருந்தது என்பதற்கு ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் வெளிப்பட்ட இரும்பு உருக்கு உலைகள் சான்று. கல்வெட்டுகளிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. மதுரைக்கு வடக்கே அழகர்மலைக் குகைத்தளத்தில் கொடையளித்தோர் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், பாணிதம் எனப்பட்ட வெல்லப்பாகு விற்றவர், அறுவை என்னும் துணி விற்றவர் ஆகியோருடன் கொழு வணிகர் ஒருவரும் அங்கே இடம்பெறுகிறார். கொழு என்பது ஏரின் இரும்பு முனை. உழவனுக்கு இரும்பு விற்றுப் பொருளீட்டிய ஒருவர், அப்பொருளின் ஒரு பகுதியை இரும்பால் கல் அறுத்துத் துறவியர்க்கு இடம் செய்யக் கொடுத்திருக்கிறார்.

உளி பிடித்தவரின் பெயர் எங்கும் எளிதில் கிடைப்பதில்லை. கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் எழுதப்பட்டன; வெட்டியவர் பெயர் பெரும்பாலும் விடப்பட்டது. காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள மாமண்டூர்த் தமிழிக் கல்வெட்டில் தச்சன் ஒருவன் குறிக்கப்படுவது அரிய விலக்கு. மற்ற இடங்களில் அவ்வுழைப்பாளர் விட்டுச் சென்ற கையொப்பம் பாறையிலுள்ள கொத்துப் புள்ளிகள் மட்டுமே. எழுத்துகள் எத்துணை மதிப்புடையனவோ அத்துணை மதிப்பு அப்புள்ளிகளுக்கும் உண்டு.

கொட்டுவித்தோர்

மதுரை மாவட்டம் மாங்குளம் கல்வெட்டுகள் இவ்வகையில் மிகப் பழமையானவை. 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்த இவற்றைத் தமிழ் எனக் காட்டிப் படிக்கும் பணி கே. வி. சுப்பிரமணிய ஐயரால் 1924-இல் தொடங்கப்பட்டு, ஐராவதம் மகாதேவனின் ஆய்வுகளால் நிறைவுற்றது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என அவர் கணித்த இக்கல்வெட்டுகளுள் ஒன்றில், கணி நந்தாசிரியர் என்னும் துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி "கொட்டுபித்த" பள்ளி என்னும் செய்தி உள்ளது. கொட்டுதல் என்பது அடித்துச் செதுக்குதல். கொட்டுபித்த என்றால் ஆளிட்டுச் செதுக்குவித்த என்று பொருள். அரசனைச் சார்ந்தவர் செய்த கொடையிலும் உளியின் ஓசையே வினைச்சொல்லாக அமைந்திருக்கிறது. அதே குன்றில் வெள்ளறை நிகமத்தாரும், அதாவது வணிகக் குழுவினரும், கொடை வழங்கியுள்ளனர்.

கீழவளவு குன்றில் கொடையளித்தவர் தொண்டியைச் சேர்ந்த உபாசகர். கீழைக் கடற்கரைத் துறைமுகத்து மனிதர் ஒருவர் உள்நாட்டுக் குன்றில் பள்ளி செய்வித்தார் என்பது, வணிகப் பெருவழிகளும் துறவியர் செல்லும் வழிகளும் ஒன்றையொன்று தழுவிச் சென்றன என்பதைக் காட்டுகிறது. அக்கல்வெட்டின் எழுத்துகள் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் வெட்டப்பட்டுள்ளன. எழுத்தறிந்தவர் வரைந்து கொடுத்ததை எழுத்தறியாத தச்சர் கல்லில் ஏற்றும்போது இவ்வாறு நேர்ந்திருக்கலாம். அவ்வாறாயின் அப்பிழையும் ஓர் உழைப்பாளியின் தடமே ஆகும்.

பெண்களின் கொடையும் குறைவன்று. செஞ்சிக்கு அருகிலுள்ள நெகனூர்ப்பட்டியில், பெரும்புகழ் வாய்ந்த சேக்கந்தி என்பவரின் தாயார் சேக்கந்தண்ணி பள்ளி செய்வித்தார். அப்பகுதியைச் சேர்ந்த தொண்டூர்க் கல்வெட்டோ தமிழ்ச் சமணக் குடும்பங்களின் நெஞ்சைத் தொடக்கூடியது. இளங்காயிபன் ஏவ, அகழூரின் அறமாக, மோசி என்பவர் செய்த உறைவிடம் என்று அது கூறுகிறது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல்வெட்டில் குறிக்கப்பட்ட அகழூர், இன்றும் அகலூர் என்னும் பெயரில் தமிழ்ச் சமணர் வாழும் ஊராகவே இருக்கிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் கல் அறுக்கப் பொருள் கொடுத்த ஓர் ஊரில் அதே அறத்தைப் பின்பற்றுவோர் இன்றும் விளக்கேற்றுகின்றனர். அவர்களுக்கு அந்தப் பாறை தங்கள் ஊரார் செய்த ஒரு தருமம்.

எடுத்த அளவு

இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் குணவிரதம் மூன்று. அவற்றுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயனின்றிப் பிறவுயிர்க்குத் துன்பம் செய்யாமை அதன் பொருள். தேவையின்றி நிலத்தைத் தோண்டுவதும், நீரைக் கலக்குவதும், தீ மூட்டுவதும், செடிகொடிகளை அறுப்பதும் பிரமாதசரியை எனக் கடியப்படும். மண்ணும் கல்லும் நிலவுயிரின் உடம்பு என்பது சமணக் கொள்கை. சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக சிராவகாசாரம் விரித்துரைக்கும் இவ்வொழுக்கத்தை, அதனை அடியொற்றிய அருங்கலச்செப்பு வாயிலாகத் தமிழ்ச் சமணர் தலைமுறை தலைமுறையாகக் கற்று வந்துள்ளனர்.

இந்நோக்கில் கற்படுக்கைகளைக் காணும்போது அவற்றின் சிறுமையே பெருமையாகத் தோன்றுகிறது. நாட்டை ஆண்ட மன்னரும் செல்வ வணிகரும் கொடையளித்த இடங்கள் அவை. விரும்பியிருந்தால் பாறையைக் குடைந்து மண்டபங்கள் எடுத்திருக்கலாம். ஆனால் வெட்டப்பட்டது மழை உள்ளே வராத அளவுக்கு ஒரு காடியும், ஓர் உடல் சாய்கின்ற அளவுக்கு ஒரு படுக்கையும்தான். குன்று குன்றாகவே நின்றது. அதன் சுனை வற்றவில்லை. அதன் மேலிருந்த மரமும் பறவையும் இடம்பெயரவில்லை. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த செய்தி பாறையில் பொறிக்கப்பட்டுள்ளது. அத்தகைய துறவியர்க்குத் தேவைப்பட்ட கல்லின் அளவும் அவ்வளவே.

திருமேனிகளின் காலம்

பிற்காலத்தில் உளியின் வேலை மாறியது. கி.பி. 8-ஆம் நூற்றாண்டிலிருந்து 10-ஆம் நூற்றாண்டு வரை, படுக்கைகள் இருந்த குன்றுகளிலேயே தீர்த்தங்கரர் திருமேனிகள் புடைப்புச் சிற்பங்களாக வடிக்கப்பட்டன. இத்திருப்பணியில் அச்சணந்தி என்னும் ஆசிரியரின் பெயர் அழகர்மலை, ஆனைமலை, கருங்காலக்குடி, உத்தமபாளையம், வள்ளிமலை எனப் பல இடங்களில் காணப்படுகிறது. மதுரைச் சமணர்மலையில் அவருடைய தாயார் குணமதியார் பெயரிலும் ஒரு திருமேனி உண்டு.

கழுகுமலையில் இது பெருந்திரளாக வளர்ந்தது. அங்கே நூற்றுக்கு மேற்பட்ட திருமேனிகள் பாறைமுகம் முழுவதும் வரிசை கொண்டு விளங்குகின்றன. அவற்றுள் பலவற்றின் அடியில் செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில் உள்ளது. அப்பெயர்களுள் தச்சரும் கொல்லரும் குயவரும் இருக்கின்றனர். முன்பு பெயரின்றி உளி பிடித்த தொழிற்குடியினர் இங்கே தாமே கொடையாளராகப் பெயர் பெற்றனர். அதே மலையில் முற்றுப்பெறாமல் நிற்கும் வெட்டுவான் கோயில், பாறையை மேலிருந்து கீழாக வெட்டிச் சென்ற முறையை இன்றும் காட்டிக் கொண்டிருக்கிறது. நிறைவுறாத வேலையே தொழிலின் வழியை நன்கு விளக்குகிறது.

குன்று குவாரியான போது

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல் ஏற்றுமதிப் பொருளானது. மேலூர் வட்டாரத்துக் கருங்கல்லுக்கு உலகச் சந்தையில் நல்ல விலை கிடைத்தது. கீழவளவைச் சுற்றியுள்ள குன்றுகள் பல உருவழிந்தன. சட்டத்திற்குப் புறம்பாக வெட்டப்பட்ட கல் குறித்து 2012-இல் மாவட்ட நிருவாகம் அரசுக்கு அறிக்கை அளித்தது. 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் விசாரணைக்கெனச் சட்ட ஆணையர் ஒருவரை நியமித்தது.

பாறையின் முன் நிற்பவர் மூன்று வகைத் தடங்களைப் பிரித்தறியலாம். நெருக்கமான சிறு கொத்துப் புள்ளிகள் கையுளியின் தடம். ஒரே கோட்டில் இடைவெளி விட்டு வரிசையாக அமைந்த நீள்சதுரக் குழிகள், ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளந்ததன் தடம். நீளமான அரைக்குழாய் போன்ற பள்ளங்கள் இயந்திரத் துளைப்பானின் தடம். முதல்வகைத் தடம் உள்ள பாறைக்கு மிக அருகில் மூன்றாம் வகைத் தடம் தென்படுமானால் அவ்விடம் ஆபத்தில் உள்ளது எனக் கொள்ளலாம். வெடியின் அதிர்வு பாறையின் இயற்கை விரிசல்களை அகலப்படுத்தும்; சாய்ந்து நிற்கும் பாறையே குகையின் கூரையாகிய இடங்களில் இது பெருந்தீங்கு.

பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்குச் சட்டத்தின் காவல் உண்டு. மத்திய அரசின் சட்டத்தில் 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதியாகும். அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகும். ஆயின் கற்படுக்கை உள்ள குன்றுகள் அனைத்தும் அவ்வாறு அறிவிக்கப்பட்டவை அல்ல.

நம்பிக்கை தரும் நிகழ்ச்சிகளும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலப்பரப்பு தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டிக் குன்றில் தமிழிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் திருமேனியும் உள்ளன. மாங்குளம் கல்வெட்டுகள் உள்ள குன்று மீனாட்சிபுரத்தில்தான் இருக்கிறது. 2024-இல் அவ்வட்டாரம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்க்கப்பட்டபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள் தமிழகச் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ஆம் நாள் மத்திய அரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. அங்கே போராடியவர்களில் பெரும்பாலோர் சமணர் அல்லர். அக்குன்றுகளின் சுனைநீரில் உழுது வாழும் வேளாண் குடியினர். சமணப் பள்ளிகளை இத்தனை காலம் காத்து வந்தவர்கள் அவர்களே என்பதை நன்றியுடன் நினைக்க வேண்டும்.

குடும்பங்களின் கடமை

கல்லுக்கு வரும் கேடு குவாரியிலிருந்து மட்டும் வருவதில்லை. பெயர் எழுதும் பழக்கம், குகைக்குள் அடுப்பு மூட்டும் பழக்கம் ஆகியவற்றோடு, பக்தியால் செய்யப்படும் கேடும் உண்டு. திருமேனிக்கு எண்ணெய் வண்ணம் பூசுதல், கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தல், எழுத்துத் தெரிவதற்காகக் கூர்க்கருவியால் கீறுதல் ஆகியவை நல்லெண்ணத்தோடு செய்யப்படினும், உளியின் தடத்தை மறைத்துவிடும். வண்ணத்தைப் பின்னர் அகற்ற முயன்றால் பாறையின் மேற்பரப்பும் சேர்ந்தே போய்விடும்.

விழாக் காலங்களில் திருமலைக்கும் பொன்னூர் மலைக்கும் சென்று வரும் குடும்பங்கள், தம் ஊருக்கு அருகிலுள்ள சிறு குன்றுகளையும் அவ்வழியில் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குத் திருமேனியை வணங்கக் கற்பிக்கும்போதே, காடி எங்கே தொடங்குகிறது, தலையணை எவ்வாறு விடப்பட்டது, உளி எந்தத் திசையில் சென்றது என்பவற்றையும் காட்டலாம். படுக்கைகளின் எண்ணிக்கை, அளவு, நிலை ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்து, அதே இடத்திலிருந்து நிழற்படம் எடுத்து வைத்தால், ஏதேனும் சிதைவு நேரும்போது அது சான்றாகும். புதிதாக ஏதேனும் தென்பட்டால் தொட்டுத் துலக்காமல் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை. அக்குன்றடியில் வாழும் ஊராரிடம் அதன் வரலாற்றை எடுத்துரைப்பதும் ஒரு சாத்திர தானமே.

அகழூரார் பொருள் கொடுத்தனர். மோசி பள்ளி செய்தார். பெயர் தெரியாத கொல்லர் ஒருவர் உளிக்கு முனை தீட்டிக் கொடுத்தார். அவர்கள் அறுத்த கல் இன்னும் அறுத்த இடத்திலேயே இருக்கிறது. அது அங்கேயே இருக்கும்படி பார்த்துக் கொள்வது, இன்று அவ்வூர்ப் பெயரைச் சுமந்து வாழ்வோரின் அறமாகும்.